டபாரியா 8 ஸ்பானர் செட்: 13 எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

டபாரியா டபுள் எண்ட் ஸ்பானர், 8 உருப்படி செட். 6-7, 8-9, 10-11, 12-13, 14-15, 16-17, 18-19, 20-22. இரண்டு பக்கமும் திறந்த வாய், மேலே க்ரோம் பூச்சு. நாசிக்கில் இதைச் செய்யும் இந்தக் கம்பெனி 1969-இல் ஸ்வீடன் நாட்டுக் கூட்டோடு தயாரிப்பை ஆரம்பித்தது. இன்றைக்கு எந்த பைக் மெக்கானிக் கடையில் தரையில் உட்கார்ந்து பார்த்தாலும் இதில் ஒன்றாவது எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும். பல வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிறது, ஸ்ப்ளெண்டர், அப்பாவின் பழைய புல்லட், தோட்டத்து மோட்டார் எல்லாவற்றுக்கும் இதுதான் முதலில் கைக்கு வரும். வாய் விரியவில்லை, பூச்சு உரியவில்லை. வாங்கலாமா என்று மட்டும் கேட்டால் தாராளமாக வாங்குங்கள்.

ஆனால் அதோடு முடிக்க மனசு வரவில்லை. ஏனென்றால் எந்தக் கம்பெனி ஸ்பானர் செட்டாக இருந்தாலும் வாங்கியவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றேதான்: அளவு சரியில்லை, 13 லூஸாக இருக்கிறது, 11 உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. மட்டமான ஸ்பானரில் அப்படி நடக்கும், மறுக்கவில்லை. நல்ல ஸ்பானரிலும் நடக்கிறது என்றால் நட்டு வேறு அளவு முறையில் செய்யப்பட்டது என்று அர்த்தம். நம் ஊரில் மூன்று முறைகள் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கின்றன, சில சமயம் ஒரே வண்டியில். அது தெரியாமல் ஸ்பானரைத் திட்டுவதும், சுத்தியால் தட்டி ஏற்றுவதும், கடைசியில் நட்டின் ஆறு முனையும் மழுங்கி வெல்டிங் கடைக்குப் போவதும் ரொம்பப் பேருக்கு நடக்கிறது.

முதலில் இந்த செட்டில் பொறித்திருக்கும் எண் என்ன என்பது. அது நட்டின் எதிரெதிரான இரண்டு பட்டைகளுக்கு இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில். இந்த மெட்ரிக் முறைதான் மூன்றில் முதலாவது. போல்ட்டின் தடிமன் இல்லை. மரை உள்ள தண்டு 8 மி.மீ. இருந்தால் அதை எம்8 போல்ட் என்பார்கள், அதன் தலைக்குப் போகிற ஸ்பானர் 13. எம்6-க்கு 10, எம்5-க்கு 8. இது வரைக்கும் எளிது, எம்8-இலிருந்து மேலே போனால்தான் சிக்கல். எம்10 போல்ட்டின் தலை பழைய ஜெர்மன் முறையில் 17, பிறகு வந்த சர்வதேசத் தரத்தில் 16, ஜப்பான் முறையில் 14. எம்12-க்கு அதே வரிசையில் 19, 18, 17. எம்8-க்குக்கூட ஜப்பான் வண்டிகளில் 13 இல்லை, 12 தான். எடையும் இரும்பும் மிச்சம் என்று தலையைச் சின்னதாக்கினார்கள், எம்8-இன் மரையில் ஒரு மாற்றமும் கிடையாது. அதனால்தான் ஹோண்டா வழியில் வந்த பைக்கில் தொலைந்துபோன ஒரு போல்ட்டுக்குப் பதில் ஹார்டுவேர் கடையில் வாங்கிப் போட்டால் மரை அழகாக ஏறும், ஆனால் பக்கத்துப் போல்ட்டுக்கு 12 கேட்கும், இதற்கு மட்டும் 13 கேட்கும். போல்ட் டூப்ளிகேட் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், இரண்டுமே சரியான எம்8.

இந்த இடத்தில் 8 உருப்படி செட்டின் அமைப்பை மெச்சத்தான் வேண்டும். ஜப்பான் வழி பைக்குக்கு வேண்டியது 8, 10, 12, 14, 17, அப்புறம் ஆக்ஸில் பக்கம் 19, 22. எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு ஸ்பானரில் இருக்கிறது, ஒன்றைத் தேடும்போது இன்னொன்று கையை விட்டுப் போகாது. மறுமுனையில் இருக்கும் 11, 13, 16 எல்லாம் சும்மா இருக்கின்றன என்றும் நினைக்க வேண்டாம். பழைய பஜாஜ் சேத்தக் வைத்திருப்பவர்களுக்கு 11 தான் உயிர், இத்தாலிய வெஸ்பாவின் வழியில் வந்த எஞ்சின் ஆதலால் அதில் எம்7 ஸ்டட்டுகள் (தலையில்லாத போல்ட்) இருக்கும், அதன் நட்டு 11. வேறு வண்டிகளில் எம்7-ஐப் பார்ப்பதே அபூர்வம். ரப்பர் ஹோஸை இறுக்கும் கிளிப்பின் திருகுத் தலைக்குப் பெரும்பாலும் 7 போகும், ஸ்க்ரூ டிரைவர் வழுக்கும் இடத்தில் 6-7 ஸ்பானர் கைகொடுக்கும்.

குறை என்று பார்த்தால் முதலாவது, செட் 22-இல் நின்றுவிடுகிறது. எம்16 போல்ட்டுக்கு 24 வேண்டும். கலப்பை, டிராக்டர், பெரிய பம்பின் ஃபிளேஞ்ச் (குழாயை இணைக்கும் தகடு) என்று வேலை இருப்பவர்கள் 8 உருப்படியை வாங்கிவிட்டுப் பிறகு 24-27 தனியாகத் தேடுவதைவிட, 30-32 வரை போகிற 12 உருப்படி செட்டையே எடுத்துவிடலாம். பைக்கும் வீட்டு வேலையும் மட்டும் என்றால் பெரியது தேவையில்லை, எடைதான் மிச்சம்.

இரண்டாவது குறை இன்னும் முக்கியமானது, கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். போல்ட்டும் நட்டுமாக உள்ள இடத்தில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்ப வேண்டும், இரண்டும் பெரும்பாலும் ஒரே அளவு. இந்த செட்டில் 13 ஒன்றுதான் உண்டு. மறுபக்கத்துக்கு என்ன செய்வது? வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஸ்பானரை வைத்துப் பிடிக்கிறார்கள், அது நழுவி நட்டைத் தின்கிறது. அதனால் இதே அளவுகளில், வாய் முழு வளையமாக மூடிய ரிங் ஸ்பானர் செட் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை. இறுகிப்போன நட்டை முதலில் அசைக்க ரிங், அசைந்த பிறகு வேகமாகக் கழற்ற ஓப்பன் எண்ட். ஓப்பன் வாய் இரண்டு பட்டைகளில்தான் உட்காரும், முழு விசையும் இரண்டே முனைகளில் விழும். ரிங் ஆறு முனைகளையும் பிடிக்கும். துருப்பிடித்த நட்டில் திறந்த வாயை வைத்து மேலே பைப்பை மாட்டித் தொங்குவது ஸ்பானருக்கும் நட்டுக்கும் சேர்த்துச் செய்யும் கொடுமை. ஸ்பானரின் நீளத்தை அளவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. 10 ஸ்பானர் குட்டையாக இருப்பது எம்6 போல்ட் தாங்கும் விசை அவ்வளவுதான் என்பதால். சாதாரண 8.8 தர எம்6 போல்ட்டுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும், அதே தர எம்10-க்கு 50-ஐ ஒட்டி வரும்.

8.8 என்றதும் நினைவுக்கு வருகிறது. போல்ட் தலையில் அப்படிப் பொறித்திருப்பதைப் பார்த்து அதை ஸ்பானர் அளவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது இரும்பின் பலம். முதல் 8 என்றால் 800 மெகாபாஸ்கல் வரை இழுவை தாங்கும் என்றும், புள்ளிக்குப் பிறகு வரும் 8 என்றால் அதில் 80 சதவீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும் என்றும் அர்த்தம். ஸ்பானருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு விதத்தில் உதவும், 8.8, 10.9 என்று எண் இருந்தால் அது மெட்ரிக் போல்ட் என்று தைரியமாக முடிவு கட்டலாம். எண் இல்லாமல் மூன்று கோடுகளோ ஆறு கோடுகளோ தலையில் விரிந்திருந்தால் அமெரிக்க இஞ்ச் முறை, இந்த செட்டைக் கீழே வைத்துவிடுங்கள்.

அந்த இஞ்ச் முறைதான் இரண்டாவது. ஏ.எஃப். (அக்ராஸ் ஃபிளாட்ஸ்) என்று பொறித்த ஸ்பானர்கள், 7/16, 1/2, 9/16 என்று பின்னங்களில் வரும். இதிலும் எண் பட்டைக்குப் பட்டை உள்ள தூரம்தான், அலகு மட்டும் இஞ்ச். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒத்துக்கொண்டு 60 டிகிரி கோணத்தில் யுனிஃபைட் முறையைக் கொண்டுவந்தார்கள், அந்தக் காலத்து வடிவமைப்பில் வந்த வண்டிகள் பலவற்றில் இதுதான். நம் அம்பாசடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது, அதன் பழைய எஞ்சினில் பெரும்பாலும் இந்த மரைதான். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபேயின் பழைய மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களிலும் இது ஏராளம்.

மெட்ரிக் செட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைக் கழற்றலாமா? சிலவற்றை முடியும். 3/4 இஞ்ச் என்றால் 19.05 மி.மீ., 19 ஸ்பானர் கச்சிதமாக உட்காரும். 5/16-க்கு 8 போகும், 5/8-க்கு 16 லேசான ஆட்டத்தோடு போகும், 15/16-க்கு 24 போகும். 1/2 இஞ்ச்தான் ஏமாற்றுப் பேர்வழி. அது 12.7 மி.மீ., 13 ஸ்பானர் உள்ளே போய்விடும், பொருந்திவிட்டது என்று நம்பி அழுத்தினால் அந்த 0.3 மி.மீ. இடைவெளி போதும் முனை மழுங்க. 13 லூஸாக இருக்கிறது என்ற புகாரில் கணிசமான பங்கு இந்த அரை இஞ்ச் தலையால் வருவது என்பது என் எண்ணம். 9/16 என்றால் 14.29, அதில் 14 ஏறாது, 15 வழுக்கும். 11/16-க்கும் 17-க்கும் அதே கதை. 7/16 என்பது 11.11, நல்ல இறுக்கமான 11 ஸ்பானராக இருந்தால் உள்ளே போக மறுக்கும். ஸ்பானர் துல்லியமாக இருப்பதால்தான் மறுக்கிறது, அதைக் குறையாக எழுதுவது நியாயமில்லை.

மூன்றாவது முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, மற்றவர்களுக்கு ரொம்பத் தலைவலி. விட்வொர்த். ஜோசஃப் விட்வொர்த் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1841-இல் முன்வைத்த மரை, 55 டிகிரி கோணம், மேடும் பள்ளமும் உருண்டையாக இருக்கும். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தன் இஷ்டத்துக்கு மரை வெட்டியது, ஓரிடத்து நட்டு இன்னோரிடத்துப் போல்ட்டில் ஏறாது. இந்த முறையில் ஸ்பானரில் பொறிப்பது போல்ட் தண்டின் அளவை, தலையின் அளவை இல்லை. 1/4 டபிள்யூ என்று எழுதியிருக்கும் ஸ்பானரின் வாயை அளந்தால் 0.525 இஞ்ச், அதாவது 13.3 மி.மீ. இருக்கும். கால் இஞ்ச் என்று எழுதியிருப்பதில் அரை இஞ்ச்சுக்கு மேல் வாய். பார்த்தவர்கள் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

குழப்பம் அதோடு நிற்கவில்லை. பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்) என்ற நெருக்கமான மரை பிறகு வந்தது, ஸ்பானரில் சுருக்கமாக பி.எஸ். என்று இருக்கும், அதன் தலை ஒரு படி சின்னது. போர்க்காலத்தில் இரும்பு மிச்சம் பிடிக்க விட்வொர்த் போல்ட்டின் தலையையும் அதே அளவுக்குக் குறைத்தார்கள். அதனால் பழைய ஸ்பானரில் ஒரே வாய்ப்பக்கம் 1/4 டபிள்யூ, 5/16 பி.எஸ். என்று இரண்டு எண்களும் இருக்கும். இரண்டும் உண்மை, வாய் ஒன்றுதான்.

இது நமக்கு எதற்கு என்றால், புல்லட்டுக்கு. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா வந்து, திருவொற்றியூரில் வண்டி செய்யத் தொடங்கியபோது வரைபடங்களோடு சேர்ந்து பிரிட்டிஷ் மரைகளும் வந்து இறங்கின. இங்கிலாந்தே கைவிட்ட பிறகும் அவை நம் வண்டியில் இருந்தன. பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின் வண்டியில் கை வைத்தால் 3/16, 1/4, 5/16 விட்வொர்த் ஸ்பானர்களைக் கேட்கும் இடங்கள் நிறைய, மில்லிமீட்டரில் 11.3, 13.3, 15.2. இந்த மூன்றுக்கும் மெட்ரிக் செட்டில் ஆள் இல்லை. 11 ஏறாது, 12 வழுக்கும். 13 ஏறாது, 14 வழுக்கும். 15-க்கும் 16-க்கும் அதே கதிதான். 3/8 மட்டும் 18.03 என்பதால் 18-19 ஸ்பானரின் 18 பக்கம் அழகாக உட்காரும், 7/16-க்கு 21 போகும், அது இந்த செட்டில் இல்லை. பழைய புல்லட்களில் பெரும்பாலான நட்டுகள் உருண்டு கிடப்பதற்குக் காரணம் வண்டி மட்டம் என்பதில்லை, தலைமுறை தலைமுறையாக 14 ஸ்பானரை வைத்துத் திருப்பியதுதான். நடுவில் யாராவது மெட்ரிக் போல்ட் மாற்றிப் போட்டிருப்பார்கள், அதனால் ஒரே மூடியில் ஒரு நட்டுக்கு 13 போகும், பக்கத்து நட்டுக்குப் போகாது. எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் உள்ள யூ.சி.இ. எஞ்சின் வந்த பிறகான வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, இந்த டபாரியா செட்டும் ஆலன் கீயும் போதும்.

விட்வொர்த் செத்துப்போன விஷயம் என்றும் எண்ண வேண்டாம். வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரை இன்றைக்கும் அந்த 55 டிகிரி வடிவம்தான். அங்கேயும் அரை இஞ்ச் குழாய் என்றால் வெளி விட்டம் 21.3 மி.மீ. வரும், அதனால் அளவு நாடாவை வைத்து அளந்து பார்த்துவிட்டு முக்கால் இஞ்ச் தண்ணீர் டேப் வாங்கி வருகிறவர்கள் உண்டு.

அடுத்தது ஹார்டுவேர் கடை. ஒரு நூல் என்றால் இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு. மூணு நூல் போல்ட், நாலு நூல் போல்ட் என்றுதான் கேட்கிறோம், கொடுக்கிறார்கள், வேலை நடக்கிறது. ஆனால் நாலு நூல், அதாவது அரை இஞ்ச் போல்ட், இரண்டு விதமாக வரும். அமெரிக்க முறை என்றால் தலைக்கு 19 ஸ்பானர், இஞ்ச்சுக்கு 13 மரை. பிரிட்டிஷ் விட்வொர்த் சின்னத் தலை என்றால் 21 ஸ்பானர், இஞ்ச்சுக்கு 12 மரை. தோட்டத்து பம்ப் ஃபிளேஞ்சில் ஒரு போல்ட் அறுந்து, புதிதாக வாங்கி வந்தது நாலு சுற்று ஏறி அப்படியே இறுகி நின்றால் இதுதான் காரணமாக இருக்கும், மேலும் முறுக்காதீர்கள், நட்டோடு சேர்த்து மாற்றுங்கள். மூணு நூலிலும் ரெண்டு நூலிலும் இரண்டு முறைக்கும் இஞ்ச்சுக்கு அதே எண்ணிக்கை மரை என்பதால் ஒருவாறு ஏறிவிடும், கோணம் மட்டும் வேறு. அதிர்வு இல்லாத இடத்தில் பரவாயில்லை, மோட்டாரில் நான் போட மாட்டேன். பழைய போல்ட்டைக் கையோடு எடுத்துப்போய் அதன் நட்டில் புதியதை ஏற்றிப் பார்த்து வாங்குவது எல்லாவற்றையும்விட நல்லது.

இவ்வளவையும் நினைவில் வைத்திருக்க முடியாது, வேண்டியதும் இல்லை. ஸ்பானர் செட் வாங்கும்போது ஒரு வெர்னியர் காலிப்பரும் வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரண பிளாஸ்டிக் டிஜிட்டல் போதும். நட்டின் பட்டையைத் துடைத்து, பெயிண்ட் இருந்தால் சுரண்டி அளந்தால், முழு எண்ணுக்குக் கொஞ்சம் கீழே, 12.8, 16.7 என்று வந்தால் பெரும்பாலும் மெட்ரிக், நட்டை எப்போதும் சற்றுச் சின்னதாகத்தான் செய்வார்கள். 13.2, 15.1, 11.2 என்று வந்தால் விட்வொர்த்தைச் சந்தேகப்படுங்கள். 14.2, 17.4 என்றால் ஏ.எஃப். 12.6 என்று காட்டினால் அரை இஞ்ச்சாகவும் இருக்கலாம், தேய்ந்த 13-ஆகவும் இருக்கலாம், அப்போது எந்த வண்டி என்று யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

இணையத்தில் 46 உருப்படி, 40 உருப்படி என்று பெட்டியோடு வரும் சாக்கெட் செட்டுகளைப் பற்றியும் கேட்பார்கள். கால் இஞ்ச் ட்ரைவ் செட் ஒன்றை வாங்கினேன், பெயர் வேண்டாம், முதல் இறுகிய 12-இலேயே ராட்செட் பல் போய்விட்டது. அந்தக் கால் இஞ்ச் பெட்டிகளில் சாக்கெட் பெரும்பாலும் 14-ஓடு நின்றுவிடும், பிட்டுகள்தான் எண்ணிக்கையை நிரப்பும். ட்ரைவ், அதாவது சாக்கெட்டை மாட்டும் சதுர முனையின் அளவு, உலகம் முழுக்க இஞ்ச்சில்தான், கால், மூணு நூல், அரை என்று. அதைப் பார்த்து இஞ்ச் செட் என்று ஒதுக்க வேண்டாம், சாக்கெட்டின் எண் பெரும்பாலும் மெட்ரிக்காகத்தான் இருக்கும். வாங்குவதானால் அரை இஞ்ச் ட்ரைவில் உருப்படி குறைவாக இருந்தாலும் கனமானதாக வாங்குங்கள். ஆனால் முதல் வாங்கல் ஓப்பன் எண்டும் ரிங்கும்தான்.

கடையில் எடுக்கும்போது பையில் புதிய எம்6, எம்8 போல்ட் இரண்டைப் போட்டுக்கொண்டு போய் 10, 13 வாயில் வைத்துப் பாருங்கள், ஏறி இறங்க வேண்டும், பக்கவாட்டில் திருப்பினால் கையில் உணரும்படி ஆட்டம் கூடாது. வாயின் உட்புறம் க்ரோம் திட்டாகப் படிந்திருக்கக் கூடாது. திறந்த வாய் தண்டுக்கு 15 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், இடுக்கில் ஸ்பானரைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு அடுத்த பிடி பிடிக்க அந்தச் சாய்வுதான் உதவுகிறது. பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இதோடு கூட மூன்றே மூன்று விட்வொர்த் ஸ்பானர்களைத் தேடி வாங்கினால் போதும், சென்னை என்றால் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் கிளறினால் கிடைக்கும். வாங்கும் முன் காலிப்பரின் உள் அளவால் வாயை அளந்துவிடுங்கள், தேவைக்காக அரத்தில் ராவி அகலமாக்கிய ஸ்பானர்கள் அங்கே கலந்திருக்கும், மேலே 1/4 டபிள்யூ என்று எழுதியிருந்தாலும் வாய் 14-ஐத் தொட்டால் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.